மாப்பிள்ளைக்குக் கடைந்த பேனா

பாலசுப்பிரமணி எதைக் கடைந்து முடித்தாலும் கடைசியில் உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொள்வார். மரம் லேத்தில் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கையை அதன் மேல் வைத்துத் தடவுவார். கன்றுக்குட்டியைத் தடவிக்கொடுப்பதுபோல் இருக்கும். கையில் மிச்சமிருக்கும் எண்ணெய் அவர் தலைக்குப் போய்விடும். சப்பாத்திக் கட்டையானாலும் சரி, கட்டில் காலானாலும் சரி, இதில் மாற்றமே கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே தாயம்மா இதைக் கவனித்துவிட்டாள்.

தாயம்மா அதிகம் பேசமாட்டாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் கூடிய இடத்தில் சுவரோடு சுவராக நின்றுகொள்வாள். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "நம்ம வூட்டுல எண்ணெய் வாங்கறது தலைக்கா, கட்டைக்கான்னே தெரியல" என்று ஒருநாள் மகள் சுஷீலாவிடம் சொன்னாள். "அம்மா இந்த மாசத்துக்குப் பேச வேண்டியதைப் பேசி முடிச்சிட்டாங்க" என்றாள் சுஷீலா.

ஃபிஜித் தீவில் பா ஊரை ஒட்டிய வரதோலியில் அவர்கள் வீடு. பின்கட்டில் தகரக் கூரை போட்ட பட்டறை. அதில் மோட்டார் வைத்த லேத்து ஒன்று. மோட்டார் வாங்குவதற்கு முன்னால் இருந்த, காலால் மிதித்து ஓட்டும் லேத்து மூலையில் கோணி போர்த்திக் கிடந்தது. கட்டில் கால், மேசைக் கால், தொட்டில் கம்பி எல்லாம் செய்வார். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் வாங்கும், நங்கோனா வேர்ப்பானம் கலக்கும் கிண்ணங்கள்தான் அவருக்குப் பிடித்த வேலை. வெசி என்ற உள்ளூர் மரத்தில் கடைந்து, வெடிக்காமல் இருக்க எண்ணெய்த் தகரத்தில் ஊறப்போட்டு, பிறகு வெயிலில் காயவைத்து நாந்தி நகரத்துக் கடைகளுக்கு அனுப்புவார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அதில் ஒன்றைக் கனடாவுக்குக் கொண்டுபோனார். முதல் குளிர்காலத்திலேயே அது இரண்டாகப் பிளந்துவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. பாலசுப்பிரமணி ஒரு வாரம் துக்க வீட்டுக்காரர்போலத் திரிந்தார். "எண்ணெய் பத்தல, எண்ணெய் பத்தல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சுற்றுலாக்காரர்கள் வருவது நின்றுபோனது. கிண்ணங்களைக் கேட்க ஆளில்லை. இந்திய வம்சத்து ஊர்க்காரர்கள் பயந்து ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து என்று கிளம்பினார்கள். தெருவுக்குத் தெரு வாசலில் கட்டிலும் பீரோவும் விற்பனைக்கு நின்றன. புதுக் கட்டில் யாருக்கு வேண்டும்? பாலசுப்பிரமணி ஒருநாள் கடைத்தெருவுக்குப் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னாங்க சிரிக்கிறீங்க?" என்றாள் தாயம்மா.

"நான் கடைஞ்ச காலுங்க எல்லாம் ரோட்டு ஓரமா நின்னுக்கினு என்னையே முறைக்குது. எனக்குப் போட்டி நானே தான்."

அந்தச் சமயத்தில்தான் பாஸ்கரன் வாத்தியார் வந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்து இங்கே பள்ளியில் பாடம் நடத்தியவர். கரும்பு லாரியின் சக்கரத்தில் அகப்பட்டு நொறுங்கிப்போன மைப்பேனா ஒன்றைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தார்.

"அண்ணே, உடம்புதான் போச்சு. நிப்பும் கழுத்தும் நல்லா இருக்கு. இதுக்கு ஒரு உடம்பும் மூடியும் செஞ்சு தர முடியுமா? பால் பாயிண்ட்ல எழுதினா எனக்குக் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி வருது."

பாலசுப்பிரமணி துண்டுகளை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிப்புக்கு அடியில் கறுப்பாக ஒரு நாக்கு. அந்த நாக்கில் மயிரிழை அகலத்துக்கு ஒரு கோடு. பின்னாலிருக்கும் ரப்பர் குழாயில் நிற்கும் மை அந்தக் கோட்டு வழியாக இறங்கித்தான் நிப்புக்கு வர வேண்டும். கட்டில் காலைப் பார்த்த கண்ணுக்கு அது பெரிய அதிசயம். "எவ்ளோ சின்ன வாய்க்கா பாரு!" என்று தாயம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

வெசித் துண்டில் உடம்பு கடைந்தார். வாத்தியார் அவசரப்பட்டதால் எண்ணெய்க்குப் பதில் மெழுகைத் தேய்த்துக் கொடுத்துவிட்டார். பேனா பிரமாதமாக எழுதியது. ஆண்டு முடிவில் வாத்தியாரின் ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்குக் கிளம்பும்போது, தம்பியிடம் சொல்லி மதுரையிலிருந்து வரவழைத்த சிறு பொட்டலம் ஒன்றைப் பாலசுப்பிரமணியிடம் கொடுத்தார். அதில் புது நிப்புகள், நாக்குகள், கழுத்துகள், ரப்பர் குழாய்கள். "சும்மா இருக்காதீங்கண்ணே. கடைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொட்டலம் அலமாரிக்குப் போனது. வீட்டில் அப்போது வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. சுஷீலாவுக்கு மாப்பிள்ளை.

முன்பு ஒருமுறை கனடாவிலிருந்து நல்ல இடம் வந்தது. கேட்டபோதெல்லாம் பாலசுப்பிரமணி "பாக்கலாம்" என்றார். பிள்ளை வீட்டார் பார்த்துப் பார்த்து அலுத்து, வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவருக்கு மகளை அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லை என்று ஊரே பேசியது. அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

இப்போது வந்தது ஆக்லாந்து இடம். மாப்பிள்ளை ஜிதேந்திரா பாவிலேயே பிறந்து வளர்ந்தவன், மின்சார வேலை செய்கிறவன். முதல் கலகம் நடந்த கையோடு குடும்பம் நியூசிலாந்துக்குப் போய்விட்டது. மகனுக்குப் பெண் பார்க்க அம்மா சரோஜ் அவனைக் கூட்டிக்கொண்டு கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். சரோஜ் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அடுத்த வீட்டு ரேடியோவைக் கூட்டி வைக்க வேண்டும். ஆனால் நல்ல மனசு. சுஷீலாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அவள் வாயால் சொல்லவில்லை. அவன் வந்துபோன அன்று பாத்திரம் கழுவும்போது பாடினாள். தாயம்மாவுக்கு அது போதும்.

தாயம்மாவின் வயிற்றில் இரண்டு பயம். மகள் போய்விடுவாளே என்பது ஒன்று. இந்த மனுஷன் மறுபடி "பாக்கலாம்" சொல்லி இதையும் கெடுத்துவிடுவாரே என்பது மற்றொன்று. இரண்டாவது பயம்தான் பெரிது. சந்தையில் ராணுவ லாரி நின்ற நாட்களில் சுஷீலா வேலை முடிந்து பஸ்ஸில் வருவதற்குள் தாயம்மா கேட்டுக்கும் அடுப்புக்கும் நடந்து தேய்ந்தவள். மகள் நல்ல இடத்தில் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"இன்னாங்க, சரோஜம்மாக்கு இன்னா சொல்றது?" என்று கேட்டாள்.

அவர் உளியைத் தீட்டிக்கொண்டே, "பாக்கலாம்" என்றார்.

ஆனால் கோர்ட்டில் கல்யாணப் பதிவு வைக்க நாள் குறித்தபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பெண்களே காரியத்தை நகர்த்தினார்கள். இங்கே வழக்கம் அதுதான். முதலில் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால் விசா காரியத்தைத் தொடங்கிவிடலாம். தாலி கட்டுவதைச் சாவகாசமாகக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம்.

ராணுவ ஆட்சியின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் வந்திருந்த காலம் அது. அன்று கடை திறக்கக் கூடாது, வேலை செய்யக் கூடாது, பந்து விளையாடக்கூடக் கூடாது. மோட்டார் போட்டால் தெருமுனை வரை கேட்கும். அதனால் பாலசுப்பிரமணி மூலையிலிருந்த கால்மிதி லேத்தின் கோணியை உருவினார். ஒரு ஞாயிறு பட்டறைக்குள் போனவர் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார். அடுத்த ஞாயிறும் அப்படியே. இன்ன வேலை என்று சொல்லவில்லை. மகள் கல்யாணப் பேச்சுக்குப் பயந்து ஒளிந்துகொள்கிறார் என்றே தாயம்மா நினைத்தாள்.

சாணி எடுக்கப் போகிற சாக்கில் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். விரல் தடிமன் வெசிக் கட்டையை லேத்தில் பூட்டி நடுவில் துளை போட்டுக்கொண்டிருந்தார். துளை கோணிப்போய்க் கட்டை விண்டது. இன்னொன்று எடுத்தார். அதில் மூடி திருகுவதற்கு உள்ளே மரை வெட்டும்போது மரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கோபமே வரவில்லை. உதிர்ந்த பொடியை ஊதிவிட்டு இன்னொன்று எடுத்தார். அடுத்த முறை ஒரு சுற்று வெட்டுவார், உளியை எடுப்பார், துடைப்பார், மறுபடி ஒரு சுற்று வெட்டுவார். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல.

மூன்றாம் ஞாயிறு ரோந்து வந்த கான்ஸ்டபிள் கேட்டருகே சைக்கிளை நிறுத்தினார். ஆஜானுபாகுவான ஃபிஜிக்காரர். இந்தியில்தான் பேசினார். "காகா, உள்ளே இன்னா வேலை நடக்குது?"

தாயம்மா துணிக்கொடிக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். பாலசுப்பிரமணி எண்ணெய்க் கையோடு வெளியே வந்தார். "வேலை இல்ல சாப். சும்மா விளையாட்டு."

"விளையாட்டும் ஞாயித்துக்கிழமை கூடாது, தெரியும் இல்ல?"

பாலசுப்பிரமணி யோசித்தார். "அப்போ சாமி கும்பிடறேன்னு வெச்சிக்குங்க."

கான்ஸ்டபிள் குலுங்கிச் சிரித்தார். உள்ளே வந்து, கால்வாசி ஆகியிருந்த பேனாவைப் பெரிய விரல்களுக்கிடையே வாங்கிப் பார்த்தார். "இவ்ளோ சின்ன சாமியா? சரி, சத்தமில்லாம கும்பிடு" என்று சொல்லி, ஒரு எலுமிச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் அது பேனா என்று தாயம்மாவுக்கே தெரிந்தது. யாருக்கு என்று கேட்டாள். "ஜிதேந்திராக்கு. கையெழுத்துப் போட" என்றார். அவ்வளவுதான். சுஷீலா இதைக் கேட்டுவிட்டு, "இருவத்தோரு வருசமா எனக்கு ஒரு பம்பரம்கூடக் கடைஞ்சு குடுக்கல. நேத்து வந்த மாப்ளைக்குப் பேனாவா?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். அவள் முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. தாயம்மாவுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

பேனாவின் உடம்பும் மூடியும் கிண்ணங்களின் எண்ணெய்த் தகரத்துக்குள் போயின. பல நாள் கழித்து எடுத்துத் துடைத்தார். நிப்பையும் நாக்கையும் கழுத்தில் செருகி, மை நிரப்பி எழுதிப் பார்த்தார். கறுப்பெறும்பு ஊர்ந்ததுபோல வரிசையாக எழுதியது. மையைக் கழுவி வெளியேற்றி, பேனாவைத் துணியில் சுற்றி, பட்டறைக் கூரையின் தகரத்துக்கு அடியில் இருந்த பலகையில் வைத்தார். அது சனவரி மாதம், ஃபிஜியில் கோடை. கொளுத்துகிற வெயில்.

பதிவு நாளன்று எல்லாம் அவசரம். சுஷீலாவின் சேலை மடிப்பு நிற்கவில்லை. டாக்சிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பாலசுப்பிரமணி பேனாவில் மை நிரப்பிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஏற்கனவே எழுதிப் பார்த்ததுதானே என்று மறுபடி எழுதிப் பார்க்கவில்லை.

கோர்ட்டுக் கட்டடத்தில் ஒரு சிறு அறை. பதிவு செய்யும் அதிகாரி பாரத்தை விரித்து, போட வேண்டிய இடத்தைக் காட்டினார். பாலசுப்பிரமணி பேனாவை எடுத்து இரண்டு கையாலும் மாப்பிள்ளையிடம் நீட்டினார். வெசி மரம் ஜன்னல் வெயிலில் தேன்போல மின்னியது. "மாமா! நீங்க செஞ்சதா? ரொம்ப ப்யூட்டிஃபுல்" என்றான் ஜிதேந்திரா. அவன் தமிழ் நொண்டும். குனிந்து பேனாவைக் காகிதத்தில் வைத்தான்.

எழுதவில்லை.

அழுத்திப் பார்த்தான். உதறிப் பார்த்தான். மை வரவில்லை. சரோஜ் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி இது?" என்றாள் தாயம்மாவைப் பார்த்து. "பேனாவும் 'பாக்கலாம்'னு சொல்லுதா?"

அதிகாரி தன் பால்பாயிண்ட் பேனாவை நீட்டினார். சரோஜ் குறுக்கே கை வைத்தாள். "இருங்க சாப். மொதல் கையெழுத்துக்கே ரெண்டு பேனாவா? சகுனம் சரியில்ல. கனடாக்காரங்களுக்கு ஆனது எனக்கும் தெரியும். பொண்ணோட அப்பாக்கு மனசு இல்லன்னா வாயால சொல்லட்டும். எழுதாத பேனாவக் குடுத்துச் சொல்ல வேணாம். இன்னொரு நாளு வெச்சிக்கலாம்."

இன்னொரு நாள் ஏது? அந்த வாரமே ஜிதேந்திராவுக்கு விமானம். சுஷீலாவின் முகம் வெளுத்தது. ஜிதேந்திரா, "மம்மி, நான் வெயிட் பண்றேன், ஒன்னும் அவசரம் இல்லே" என்று முனகினான். பாலசுப்பிரமணி தன் பேனாவை, தான் பெறாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாயம்மா சுவரோரம்தான் நின்றிருந்தாள். நிப்பு உரசிய இடத்தில் காகிதம் நீலமாகவில்லை. ஆனால் சும்மாவும் இல்லை. வடை வைத்த காகிதம்போல ஒரு பொட்டு கண்ணாடியாகி, அடியிலிருந்த எழுத்து தெரிந்தது. மாப்பிள்ளையின் விரல் நுனிகள் பளபளத்தன.

"எண்ணெய்" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. சுவரை விட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தாள். "அது எண்ணெய்ங்க!" இந்த முறை அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "மை உள்ள இருக்குது. எண்ணெய் நாக்குல பூந்துக்கினு மைக்கு வழி விடல." கணவன் பக்கம் திரும்பினாள். "மூடிய எத்தினி நாளு ஊற வெச்சீங்க?"

"கிண்ணத்துக்கு வெக்கிற மாதிரிதான்..." என்று இழுத்தார். "அதுக்கும் மேலயே வெச்சேன்."

"அந்தக் கூரைத் தகரத்துச் சூட்டுல குடிச்ச எண்ணெயெல்லாம் மூடிக்குள்ள நிப்பு மேலேயே கக்கிடுச்சி. இத்தினிக்காண்டு பேனாக்கு எதுக்குங்க அவ்ளோ எண்ணெய்?"

பாலசுப்பிரமணி தரையைப் பார்த்தார். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "ஆக்லாந்து குளிர் ஊருன்னு சொன்னாங்க. இந்த மரம் அங்க போனா காஞ்சி வெடிச்சிரும். கனடா போன கிண்ணம் வெடிக்கல? இது அங்க போயி நல்லா இருக்கணும் இல்ல? வருசக் கணக்கா இருக்கணும் இல்ல? அதான் குடிக்கிற மட்டும் குடிக்கட்டும்னு வுட்டுட்டேன்."

சுஷீலா "அப்பா" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள். சரோஜ் பேனாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்புப் பீறிட்டது.

"அண்ணே! சம்மதத்த யாராச்சும் எண்ணெயில ஊறப் போடுவாங்களா? வாயில ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அதான் சொன்னேனே, பாக்கலாம்னு" என்றார் பாலசுப்பிரமணி. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

தாயம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே குழாயடிக்கு நடந்தாள். நிப்பையும் நாக்கையும் உருவிச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மூடிக்குள் முந்தானை நுனியை விட்டுத் திருகித் துடைத்தாள். கையெல்லாம் நீலம், பட்டுச்சேலையிலும் இரண்டு சொட்டு. பின்னாலேயே வந்த பாலசுப்பிரமணி, "மெதுவா, மெதுவா, மரை போயிரும்" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றாள். கல்யாணமாகி அப்படி ஒரு வார்த்தை அவரிடம் அவள் சொன்னது அதுவே முதல். அவர் சும்மா இருந்தார்.

ஜிதேந்திராவின் பெயரில் முதல் எழுத்து மங்கலாக வந்தது. இரண்டாவது எழுத்திலிருந்து நீலம் நன்றாக இறங்கியது. சுஷீலாவும் அதே பேனாவில் போட்டாள். சாட்சிக் கையெழுத்துக்கு அதிகாரி பால்பாயிண்டை நீட்டியபோது சரோஜ் அதைத் தள்ளிவிட்டாள். "எனக்கும் எங்க அண்ணன் பேனாதான் வேணும்" என்றாள்.

மாப்பிள்ளை கிளம்புவதற்குள்ளேயே கோயிலில் தாலி கட்டி, மழைக்காலம் முடிவதற்குள் சுஷீலா விமானம் ஏறினாள். நாந்தி விமான நிலையத்தில் எல்லாரும் அழுதார்கள். சரோஜின் அழுகை மட்டும் இரண்டு கதவு தாண்டிக் கேட்டது. ஊருக்குப் போய் மாப்பிள்ளை தன் நண்பர்களிடம் பேனாவைக் காட்டியிருக்கிறான். அங்கிருந்து ஒருவர் கேட்க, இன்னொருவர் கேட்க, அப்படியே வளர்ந்தது. இரண்டாயிரத்தில் மறுபடி கலகம் வந்து மறுபடி ஜனங்கள் கிளம்பியபோது, போகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பேனா வேண்டும் என்று டவுனிலிருந்தும் பக்கத்து லவுத்தோக்காவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பாலசுப்பிரமணி மெழுகு போட்டே கொடுத்தார்.

சுஷீலாவுக்கு இப்போது இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் நந்திதாவுக்குத் தமிழ் புரியும், பேச வராது. பாலசுப்பிரமணியும் தாயம்மாவும் ஒருமுறை ஆக்லாந்துக்குப் போய் ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வந்தார்கள். திரும்பி வந்து வரதோலி வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர் வாரத்துக்கு ஒரு பேனா கடைகிறார். அது வீட்டை விட்டுப் போவதற்கு முன்னால், கடைசியாக எழுதிப் பார்ப்பது தாயம்மாவின் வேலை. தன் பெயரைத் தமிழில் எழுதிப் பார்க்கிறாள்.